பதினான்கு சொற்களும் ஒரு பெரட்டும்

1942 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை. ஆபீஸ் கடிகாரம் ஏழு காட்டியது; உண்மையில் மணி ஐந்தரைதான். ஜப்பான்காரர்கள் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். சூரியன் மட்டும் பழைய நேரத்திலேயே வந்துகொண்டிருந்தது. அதனால் என் நாட்குறிப்பில் இரண்டு நேரத்தையும் அருகருகே எழுதும் வழக்கம் எனக்கு.

அன்றைய வேலை வழக்கம்போலத் தொடங்கியது. மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடித்தார்கள். ஆட்கள், ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். பெயர் கூப்பிட்டேன். பாதிப் பேரைப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கவும், மீதிப் பேரை மூன்றாம் நம்பர் மலையில் மரவள்ளி நடவும் அனுப்பினேன். காய்ச்சலில் படுத்தவர்கள் பெயரைத் தனியாகக் குறித்தேன். வெறும் தேநீர் ஒரு குவளை குடித்தேன். பிறகு மரவள்ளி நடும் இடத்தைப் பார்க்க நடந்து போனேன்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறும்வரை சுங்கை பட்டாணியில் உங்கள் நாற்காலியில்தான் இருந்தேன். ஆனால் அந்த வேலையை நான் கோர்ட்டில் கற்கவில்லை. லூனாஸுக்கு நான்கு மைல் தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக இருந்தபோது, அந்தத் திங்கட்கிழமை ஒரே நாளில் கற்றேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது பங்களாவில் ஒரு பெரிய ஆங்கில அகராதியை விட்டுவிட்டுப் போனார். அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். சாயங்காலங்களில் அதைப் படித்து, இரண்டு சொல் சேர்ந்து ஒரு சொல்லான ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் குடும்பம் குடும்பமாக எழுதினேன். அவற்றில் ஒரு குடும்பம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. முன்னால் ஒரு செயல், பின்னால் ஒரு பொருள். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் ஓர் ஆள். பாக்கெட்டிலிருந்து எடுப்பவன் பிக்பாக்கெட். நாம் முடிச்சவிழ்க்கி என்கிறோமே, அதே கட்டுமானம். ஊருக்கு ஊர் திருடன் ஒன்றுதான், துணியைக் கட்டும் விதம்தான் வேறு என்று அன்றைக்கு ஓரத்தில் எழுதி வைத்தேன். டர்ன்கோட் என்றால் கட்சி மாறியவன். பழைய காலத்தில் ஒருவன் எந்தப் பிரபுவின் ஆள் என்பது அவன் சட்டையின் நிறத்திலேயே தெரியும். அதை மறைக்கச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டவனுக்கு வந்த பெயர் அது. ஸ்கின்ஃபிளிண்ட் என்றால் கஞ்சன். சிக்கிமுக்கிக் கல்லிலும் தோல் உரிக்கப் பார்ப்பவன்.

இப்படிப் பதினான்கு சொற்களை ஒரே பக்கத்தில் எழுதினேன். அதோடு நின்றிருக்க வேண்டும்.

தோட்டத்தில் எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு. எங்கள் ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் மட்டும் மூன்று மாரிமுத்து, நான்கு முனியம்மா. பட்டப்பெயர் இல்லாமல் பெரட்டு எடுக்க முடியாது. அந்தப் பழக்கத்தில், சொல் மனத்தில் நிற்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தோட்டத்தில் பார்க்கும் ஆள் ஒருவருடைய பெயரை எழுதினேன். என் குணப்படி, எந்த மாரிமுத்து என்ற குழப்பம் வராதிருக்க அவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதினேன். சொற்களை அகரவரிசையில் அடுக்கினேன். கழுத்தறுப்பவன் என்று பொருள்படும் கட்துரோட்டுக்கு எங்களிடம் ஆள் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். நோட்டின் எந்தப் பக்கத்திலும் என் பெயர் இல்லை.

மரவள்ளிக் காட்டிலிருந்து நான் திரும்பியபோது ஆபீஸ் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. மேசை இழுப்பறைகள் எல்லாம் திறந்து கிடந்தன. பெரிய கிராணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் இரத்தமில்லை.

“லோரியில வந்தானுங்க தம்பி. ரேடியோ இருக்கா, இங்கிலீஷ் கடுதாசி இருக்கான்னு தேடுனானுங்க. உன் நோட்டு மாட்டிக்கிச்சி. இங்கிலீஷ் பேசுற ஒரு அதிகாரி அதப் படிச்சிட்டு, இது ஏதோ ரகசியச் சங்கத்துப் பட்டியல்னு மொதப் பேரு யாருன்னு கேட்டான்.”

“மொதப் பேரா?”

“ஸ்மோக்கவுஸ் மாரிமுத்து. புடிச்சிக்கிட்டுப் போயிட்டானுங்க.”

முதல் வரியில் இருந்த சொல் பிரேக்வாட்டர். தண்ணீரை உடைப்பது, கடல் அலையைத் தடுக்கப் போட்ட கல்வரிசை. கோத்தா கோலா மூடாவில் ஆறு கடலில் விழும் இடத்தில் அப்படிக் கல் கொட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மாரிமுத்து ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் ஸ்மோக்கவுஸில் தீ போடுபவர். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கள்ளுச் சண்டை வந்தால் போய் நடுவில் நிற்பார். பேசமாட்டார், கை ஓங்கமாட்டார், சும்மா நிற்பார். இரண்டு பக்கத்துக் கூச்சலும் அவர்மேல் மோதி ஓய்ந்துவிடும். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அவர் பெயரை எழுதினேன். தோட்டத்திலேயே யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதரை, என் அகரவரிசை ஓர் இரகசியச் சங்கத்தின் தலைவராக்கிவிட்டது.

“யாரு எழுதுனதுன்னு கேட்டானுங்களா?”

“கேட்டானுங்க. தெரியாதுன்னுட்டேன். நீயும் வாயத் தொறக்காத. நோட்டுல உன் பேரு இல்ல.”

“அண்ணே, மாரிமுத்து பேரு இருக்கே.”

அவர் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். அந்த இடத்தில் நான் வீரனாக இருக்கவில்லை. அதையும் அன்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கணக்கு எளிதாக இருந்தது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் பேசாவிட்டால் மாரிமுத்து திரும்பமாட்டார். அகராதியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு லூனாஸுக்குப் போனேன்.

கடைவீதியில் ஒரு மாடிவீட்டில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வட்டக் கண்ணாடி. போருக்கு முன்னால் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஆங்கிலம் கற்றவர் என்று பிறகு தெரிந்தது. மூலையில் மாரிமுத்து கை கட்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது.

நோட்டு என்னுடையது என்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“இவன் முதல் பெயர். ஆகவே தலைவன்.”

“இல்லை. சொற்கள் அகரவரிசையில் இருக்கின்றன. ஆட்கள் வரிசை இல்லை.”

“மூன்று மணி நேரமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சி பெற்றவன்.”

“அவர் வீட்டிலும் பேசமாட்டார்.”

அவர் சிரிக்கவில்லை. விரலை மூன்றாம் வரியில் வைத்தார். “கழுத்தறுப்பவன். இவனுக்கு மட்டும் பெயர் இல்லை. யாரை மறைக்கிறாய்?”

“அப்படிப்பட்டவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. அதனால் காலியாக விட்டேன்.”

“குற்றம் செய்யாதவனுக்கு எதற்கு இன்னொரு பெயர்?”

பட்டப்பெயர் பழக்கத்தை விளக்கினேன். அகராதியைத் திறந்து, ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று காட்டினேன். கேட்டார். நம்பவில்லை. அகராதியில் இருப்பது சொல்லுக்குச் சாட்சி. ஆளுக்குச் சாட்சி இல்லையே. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“தோட்டத்தாரிடம் கேளுங்கள். நான் அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன். பெயரை அவர்களே சொல்லட்டும். இது சங்கத்தின் இரகசியம் என்றால் அவர்களுக்குத் தெரியாது. வெறும் கேலி என்றால் எல்லாருக்கும் தெரியும்.”

“நீ போய்ச் சொல்லிக் கொடுத்துவிடுவாய்.”

“நான் உங்களோடு வருகிறேன். இப்போதே போகலாம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு பதில் தவறினாலும் இரண்டு பேரும் திரும்பி என்னோடு வருவீர்கள்” என்றார்.

ஆபீஸ் கடிகாரப்படி நான்கு மணிக்கு லோரி தோட்டத்துக்குள் நுழைந்தது. தண்டவாளத்தில் அடிக்கச் சொன்னார்கள். பிற்பகலில் பெரட்டு எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. ஆட்கள் மண்வெட்டியும் வாளியுமாக ஓடி வந்து, துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு மெதுவாக வரிசையில் நின்றார்கள். மாரிமுத்துவை லோரியின் மேலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி அஞ்சலை நின்றார். அவர் அழவில்லை. லோரியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

அர்த்தத்தைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக்கூடாது என்பது உத்தரவு. அதிகாரி நோட்டில் ஒரு வரியைத் தொட்டார். டேர்டெவில்.

“பேய் வந்தாலும் வா பாக்கலாம்னு கூப்புடுறவன். இந்தத் தோட்டத்துல யாரு?”

யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கணத்தில்தான் என் யோசனையில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. லோரியில் ஒருவன் கை கட்டி நிற்கிறான். பெயரைச் சொன்னால் அடுத்தவனும் அதில் ஏறுவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தம் ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று அவர்கள் மௌனமாக நின்றார்கள். அந்த நல்ல மௌனமே மாரிமுத்துவைக் கொண்டுபோய்விடும். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. மறுபடியும் அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னேன்.

அதிகாரி நோட்டை மூடப் போனார்.

“இதுக்கு எதுக்கு யோசிக்கிறீங்க எல்லாரும்?” அஞ்சலையின் குரல். “காத்தமுத்துதான். கெணத்துல பாம்பு கெடக்குன்னு தெரிஞ்சும் வாளி எடுக்க எறங்குனவன் வேற யாரு?”

பின்வரிசையிலிருந்து காத்தமுத்து, “ஏங்கா, நல்லாத்தானே நின்னுக்கிட்டிருந்தேன். என்ன எதுக்கு மாட்டிவிடுற?” என்றான்.

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி நோட்டைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை. அடுத்த வரியைத் தொட்டார். ஸ்கின்ஃபிளிண்ட்.

“சிக்கிமுக்கிக் கல்லுலயும் தோல உரிக்கப் பாக்குறவரு.”

இந்த முறை அஞ்சலைக்காக யாரும் காத்திருக்கவில்லை. நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. “பெரிய கிராணி.”

பெரிய கிராணி எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “நல்லா இருக்கு தம்பி” என்றார் மெதுவாக. “இதுக்குத்தான் அந்த நோட்டா?”

அதன் பிறகு களமே மாறிவிட்டது. அடுத்தவர் சந்தோஷத்தைக் கெடுக்கும் கில்ஜாய் யார் என்று கேட்டதற்கு வேலை வாங்கும் மண்டோர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். அவரே, “ஆமாலா, நாந்தான்” என்று கை தூக்கினார். ஏழு வரி கேட்டார். ஏழும் சரியாக வந்தன. மக்கள் துப்பாக்கியை மறந்து விடுகதை போலக் காத்திருந்தார்கள். லோரியின் மேல் மாரிமுத்துவின் வீங்கிய உதட்டிலும் ஒரு சிரிப்பு தெரிந்தது.

அப்போது அதிகாரியின் விரல் இரண்டாம் வரிக்கு வந்தது. மற்றப் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒன்றை மட்டும் தமிழில் எழுதியிருந்தேன். அவரால் அதைப் படிக்க முடியாது. அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன்.

கேச்போல். பிரெஞ்சுக்காரர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். கோழி துரத்துபவன் என்று பொருள். வரி கட்டாத வீட்டில் புகுந்து கிடைத்த கோழியைத் தூக்கிக்கொண்டு போகும் சேவகனை அந்தக் காலத்தில் அப்படி அழைத்தார்கள்.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன்.

சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. லோரியின் பின்பலகைக்கு அருகில், கட்டை மீசை வைத்த சிப்பாய் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு மாதமாக வாரம் ஒரு முறை லயத்துக்கு வந்து கோழி பிடித்துப் போவது அவன்தான். தலைகள் திரும்பியதை அதிகாரியும் பார்த்தார்.

அஞ்சலை கையை நீட்டினார். “அந்தா நிக்கிறாரே மீசக்காரரு, அவருதான். எங்க வீட்டுக் கோழி மூணையும் புடிச்சிக்கிட்டுப் போனாரு. ரெண்டு சேவலு, ஒரு பெட்ட. பெட்ட முட்ட வச்சிக்கிட்டிருந்திச்சி.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னாள்?”

தம்பிமார்களே, உங்கள் வேலைக்காலம் முழுவதும் இந்தக் கேள்வி வரும். நீதிபதி கேட்பார், வக்கீல் கேட்பார். பதில் சொல்ல ஒரு மூச்சு விடும் நேரம்தான் கிடைக்கும். எனக்கும் அவ்வளவுதான் கிடைத்தது. தெரியாது என்கிறாள் என்று சொல்லலாம். பதில் தவறியதாக ஆகி, மாரிமுத்து போய்விடுவார். தோட்டத்தில் யாராவது ஒருவன் பெயரைச் சொல்லலாம். ஒரு பாவமும் அறியாதவனைத் திருடனாக்குவதாகிவிடும். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணையே இழுத்துப் போகலாம், என்னையும் சேர்த்து. மூன்றையும் நினைத்தேன். ஆனால் அஞ்சலை என் வாயை நம்பித்தான் பேசினார். என்ன பேசுவது என்பது அவருடைய துணிச்சல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். மீசையைச் சொன்னேன். சேவலைச் சொன்னேன். பெட்டைக் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததையும் விடவில்லை.

“இங்கே என்ன எழுதியிருக்கிறாய்?”

“மீசை என்று.”

அதிகாரி நடந்து போய் அந்தச் சிப்பாயின் முன் நின்றார். ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டார். அவன் விறைத்து நின்று ஒரு சொல்லில் பதில் சொன்னான். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதிகாரி திரும்பி வந்து லோரியைக் காட்டிக் கட்டளையிட்டார். மாரிமுத்துவின் கைக்கட்டை அவிழ்த்தார்கள்.

“ஒரு சங்கம் தன் உறுப்பினர் பட்டியலில் எங்கள் சிப்பாயைச் சேர்க்காது” என்றார் என்னிடம். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அகராதியைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். லோரியில் ஏறுமுன் நின்றார். “எனக்கு ஏதாவது சொல் எழுதியிருக்கிறாயா?”

“இல்லை.”

“எழுதாதே.”

லோரி கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே மறைந்ததும் காத்தமுத்து ஒரு விசில் அடித்தான். அதன் பிறகு களத்தில் எழுந்த சத்தத்தை நான் ஜப்பான்காரர்கள் இருந்த அந்த மூன்றரை ஆண்டுகளில் வேறு எந்த நாளும் கேட்டதில்லை. மாரிமுத்துவைத் தோளில் தூக்கினார்கள். அவர் இறங்கப் பார்த்தார்; விடவில்லை. பெரிய கிராணி தன் வீட்டிலிருந்த கருப்பட்டி முழுவதையும் எடுத்து வந்து, களத்திலேயே உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார். “இப்ப அழிச்சிருவியா அந்தச் சொல்ல?” என்று என்னிடம் கேட்டார். அழிக்கிறேன் என்றேன். அழித்தும்விட்டேன்.

போன கோழிகள் போனதுதான். ஆனால் அந்த மீசைக்காரன் எங்கள் லயத்துக்கு மறுபடி வரவில்லை.

உங்களில் சிலர் என்னிடம், சாட்சி முரட்டுத்தனமாகப் பேசினால் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாட்சி தப்பாகப் பேசினால் நல்லதற்காகத் திருத்தலாமா என்றும் கேட்டீர்கள். என் பதில் அந்தப் பெரட்டுக் களத்தில் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குப் பெருமை இல்லை. அத்தனை பேர் பெயரையும் அவர்களைக் கேட்காமல் எழுதியவன் நான். விளையாட்டுக்கு எழுதினாலும், காகிதத்தில் ஏறிய பெயர் யார் கையில் போய்ச் சேரும் என்பது எழுதியவனுக்குத் தெரியாது. நம் மேசையில் தினமும் இருபது பெயர் எழுதுகிறோம்.

மறுநாள் ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை. தண்டவாளத்தில் அடிக்கும் முன்பே நோட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். ஒவ்வொருவரிடமும் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதினேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முதலில் மாரிமுத்து வீடு. அவர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். முதல் வரியைப் படித்து அர்த்தம் சொன்னேன். கேட்காமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

மாரிமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

“அலையத் தடுக்குறவரா?” என்றார் அஞ்சலை. “நான் கத்துனா எழுந்திரிச்சி வெறகு ஒடைக்கப் போயிருவாரு. அதயும் எழுதிக்கிங்க.” பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “எம்பேரு எங்க இருக்கு?”

“உங்க பேரு இல்லக்கா.”

“நேத்து அத்தன பேருக்கு நடுவுல வாயத் தொறந்தது யாரு?”

“நீங்கதான். எந்தச் சொல்லு போடட்டும்?”

“சொல்லெல்லாம் எனக்கு வேணாம். நேத்து நான் சொன்னேன்ல, அத அப்படியே எழுதுங்க.”

படியில் உட்கார்ந்து, புதுப் பக்கத்தில், அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினேன். ரெண்டு சேவலு, ஒரு பெட்ட என்று வந்ததும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இருங்க கிராணியாரே. ஒரு சேவலு, ரெண்டு பெட்ட. நேத்து பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்.”

அடித்துத் திருத்தினேன். முதலிலிருந்து மறுபடி படித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “இப்ப சரி” என்று அடுப்படிக்குத் திரும்பினார்.